கறுப்புத் திரைக்கு அஞ்சாதே!

உன் லேப்டாப்புக்கு எட்டு வயது ஆகிவிட்டது. சரி. அதற்காக உன் கனவுக்கும் மூப்பு வந்துவிட்டதா?

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள். கேட்டுப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு தவணை கிடைத்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறார்கள். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். உன்னுடையது ஏழாம் தலைமுறை. திரையில் கோடு இல்லை, கீபோர்டில் ஒரு பட்டன்கூடத் தேயவில்லை, பாட்டு பாடுகிறது, படம் ஓடுகிறது. ஆனாலும் அது செத்துவிட்டதாக எங்கோ ஒருவர் நாள் குறித்துவிட்டார், நீயும் நம்பிவிட்டாய்.

நம்பியதும் என்ன செய்தாய்? தி.நகரில் ஒரு ஷோரூம் வாசலில் நின்று இஎம்ஐ கணக்குப் போட்டாய். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாய்.

நில் தம்பி! நில் தங்கையே! உன்னிடம் குறைவது ரேம் என்று நினைக்கிறாய். துணிச்சல்தான் குறைகிறது. ரேமை சென்னை ரிச்சி தெருக் கடைகளில் வாங்கிவிடலாம். துணிச்சலை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

நான்கு எம்பி போதும் என்று நினைத்தவன்

1991 ஜனவரியில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒரு கல்லூரி மாணவன் கம்ப்யூட்டர் வாங்கினான். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21. அவனும் தவணையில்தான் வாங்கினான். இன்டெல் 386 பிராசசர், 4 எம்பி ரேம். நன்றாகப் படி: ஜிபி அல்ல, எம்பி. இன்று உன் போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அந்த ரேமில் அடங்காமல் போகலாம்.

பல்கலைக்கழகத்தில் பார்த்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதை வீட்டுக்கு வாங்க மாணவன் கைக்காசு போதாது. யாராவது இலவசமாகத் தருவார்களா என்று அவன் காத்திருக்கவில்லை. இரவும் பகலும் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பெட்டியில் தன் சொந்த இயங்குதளத்தின் கருவை எழுதினான். ஆகஸ்ட் 25 அன்று அதை உலகுக்கு அறிவித்தபோதுகூட, பொழுதுபோக்குக்காகச் செய்வது என்றுதான் சொன்னான். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளைப் படிக்க, திருத்த, பகிர மனிதனுக்கு உரிமை உண்டு என்று தனியாளாக நின்று முழங்கியவர் அவர். லினஸின் கருவும் குனு திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து லினக்ஸ் ஆயின. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் கை கொடுத்தார்கள்.

விளைவு? 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ள 500 இயந்திரங்களும் லினக்ஸில் ஓடுகின்றன. ஐந்நூற்றில் ஐந்நூறு! "நான் லினக்ஸைப் பார்த்ததே இல்லையே" என்கிறாயா? உன் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸின் கருவான கெர்னல்தான். தினமும் உன் விரல் தடவுவதைக் கண்டு உனக்கு ஏன் பயம்?

லினஸிடம் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு ரேம் உன் 4 ஜிபி லேப்டாப்பில் இருக்கிறது. அவனிடம் இருந்து உன்னிடம் இல்லாதது எது என்று ஒரு நிமிடம் யோசி. விடை உனக்கே தெரியும்.

வெளியூர்க் கதை என்று ஒதுக்காதே

"அது பின்லாந்து, அமெரிக்கா. நம்ம ஊர்ல எங்க?" என்று உதட்டைப் பிதுக்காதே. அடையாற்றிலிருந்து சர்தார் படேல் சாலையில் போனால் ஐஐடி வாசல் வரும். 1998-இலிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு ஆண்டுக்கணக்காக மாதந்தோறும் கூடியது அந்த வளாகத்துக்குள்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் கேட்க ஆள் கிடையாது. தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர் கேட்பார். கேட்டவர்களில் பலர் பிறகு பேசுகிறவர்கள் ஆனார்கள்.

அதே ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு சக்தி என்ற பிராசசரை வடிவமைத்தது. 2018-இல் அந்தச் சிப் லினக்ஸை ஏற்றி ஓட்டிக் காட்டியது. கிண்டிக்கும் அடையாற்றுக்கும் நடுவே, மான்கள் மேயும் வளாகத்தில், பிராசசரையே வரைந்திருக்கிறார்கள். நீ ஓஎஸ் மாற்றவே தயங்குகிறாய்! 2023 ஜனவரியில் அதே ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளத்தைக் காட்டியது. வாங்கும்போதே திணிக்கப்பட்ட ஆப்கள் அதில் கிடையாது என்பதுதான் அதன் முதல் பெருமை.

தரமணி டைடல் பார்க்குக்குப் போ. அங்கே இருக்கும் சி-டாக் மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளோடு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. நந்தனத்துக்குப் போ. 2006, 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அலுவலகக் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றினார். அரசு அலுவலகத்தில் ஒரு மேசையை இடம் மாற்றவே கோப்பு நகர வேண்டும். அங்கே ஓஎஸ்ஸையே மாற்ற முடிந்தது என்றால், உன் மடியில் இருக்கும் ஒற்றை லேப்டாப்பை மாற்ற உனக்கு யார் கையெழுத்து வேண்டும்?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் வரும் இரண்டு வரிகளில் இரண்டாவதை எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள்? கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகக் கால்தான் எழவில்லை.

உன் சாக்குகளை மேசை மேல் வை

"இங்கிலீஷ் சரியா வராது சார்." வராவிட்டால் என்ன? கணியம் இதழ் 2012 ஜனவரியிலிருந்து லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் எளிய தமிழில் எழுதிவருகிறது. த. சீனிவாசனும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் எழுதிய பாடங்கள் மின்நூல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் தமிழிலேயே பேசிக் கற்றுத் தருகிறது. 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் சில கிளிக்கில் வந்துவிடும். மெனுக்களைக்கூடத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அவற்றை மொழிபெயர்த்தவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் இரவில் கண் விழித்தவர்கள். அந்த உழைப்புக்கு நீ செலுத்தும் மரியாதை, அதைப் பயன்படுத்துவதுதான்.

"கமாண்ட் எல்லாம் அடிக்கணுமாமே!" இன்றைய லினக்ஸ் மின்ட்டிலோ உபுண்டுவிலோ கமாண்ட் அடிக்காமலே மாதங்கள் ஓட்டலாம். ஆனாலும் சொல்கிறேன், அடித்துப் பார். டெர்மினலைத் திற. கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. 'எல்எஸ்' என்ற இரண்டு எழுத்தைத் தட்டு, ஃபோல்டரில் இருப்பதெல்லாம் வரிசை கட்டி நிற்கும். 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் ஏறக்குறைய எந்தக் கமாண்டின் பெயரைப் போட்டாலும் அதன் விளக்கம் முழுதும் விரியும். தப்பாக அடித்தால் அந்தத் திரை சிரிக்காது, நாலு பேர் முன் மானத்தை வாங்காது. என்ன தப்பு என்று ஒரு வரியில் சொல்லும். இவ்வளவு பொறுமையான வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் நீ கண்டதுண்டா? இரண்டே எச்சரிக்கை: 'ஆர்எம்' கமாண்ட் அழித்தால் குப்பைத் தொட்டியில் தேட முடியாது. எவரோ தந்த வரியை, என்ன செய்யும் என்று தெரியாமல், முழு அதிகாரம் தரும் 'சுடோ' போட்டு ஓட்டாதே. மற்றபடி விளையாடு!

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?" ஆகட்டும். ஃபைல்களுக்கு வேறு டிஸ்கில் நகல் இருந்தால் என்ன ஆகிவிடும்? மறுபடி இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம். ஒருமுறை கெடுத்து, நீயே எழுப்பி நிறுத்திய சிஸ்டத்திடம் உனக்கு அப்புறம் பயம் இருக்காது.

"என் வேலைக்கு வேண்டியது அதில் ஓடாதே." இது சாக்கு அல்ல, நியாயமான கேள்வி. மயிலாப்பூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தால் டேலி வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆட்டோகேட், போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. சில ஆன்லைன் விளையாட்டுகள் லினக்ஸைக் கண்டாலே கதவடைக்கும். அவர்களுக்கு டூயல் பூட் இருக்கிறது: ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ். வேலைக்கு ஒன்று, உனக்கு ஒன்று. ஆனால் ஒரு பாடத்தைக் கவனி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. நம் ஊர் அச்சகங்களில் இன்றும் அதையும் பழைய எழுத்துருக்களையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. விட்டால் பழைய ஃபைல்கள் சரியாகத் திறக்காது என்ற பயம். ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் வாழ்நாள் உழைப்பை வைத்தவனுக்கு வரும் கதி அது. உன் எழுத்தையும் கணக்கையும் எவரும் திறக்கக்கூடிய வடிவங்களில் வைக்க இன்றைக்கே பழகு.

எண்பத்தாறு வயதில் எழுந்த கிழவர்

லேப்டாப்பை விடு, உன்னைப் பற்றிய தகவல் உன் கையில் இருக்கிறதா? பாண்டி பஜாரில் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்குகிறாய். பில் போடுகிறவர் தலை நிமிராமல் கேட்கிறார்: "போன் நம்பர் சொல்லுங்க." நீயும் பத்து எண்ணையும் கடகடவென்று ஒப்பிக்கிறாய். எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் வரிசை நிற்கிறதே என்ற கூச்சம்!

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே சொல்லிவிட்டது: போன் நம்பர் தந்தால்தான் பில் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது. நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க." சிரித்த முகத்தோடு சொல். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்காவது தடவை அது உன் இயல்பாகிவிடும்.

"நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு?" என்று பெருந்தன்மை பேசுகிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன். உன் ரத்தப் பரிசோதனை முடிவு, உன் சம்பளம், உன் கடன் பாக்கி, உன் தங்கை கல்லூரிக்குப் போய் வரும் வழியும் நேரமும், இவை எல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் கையில் பட்டியலாக இருக்கலாமா? டார்ச் ஆப் ஒன்றுக்கு உன் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? கால்குலேட்டருக்கு நீ இருக்கும் இடம் எதற்கு? கேள்! கேட்காதவன் முதுகில்தான் எல்லாரும் நடப்பார்கள்.

2012-இல் ஒருவர் கேட்டார். பெங்களூரைச் சேர்ந்த கே.எஸ். புட்டசாமி, ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. அப்போது அவருக்கு வயது 86. பேரன் பேத்திகளோடு ஓய்ந்து உட்காரும் வயதில் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். குடிமகனுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை. இன்று இந்த நாட்டின் ஒவ்வொரு மனிதனுக்கும் அந்தக் கவசம் உண்டு. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் அதில் இடம் இருக்கிறது.

எண்பத்தாறு வயதுக் கிழவர் அரசோடு மோதினார். இருபது வயதில் நீ பில் கவுன்டரில் வாய் திறக்கப் பயப்படுகிறாய்!

லாட்ஜிலும் கடையிலும் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலை ஆதார் இணையதளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள். பிரவுசரை ஃபயர்பாக்ஸுக்கு மாற்றி, விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேர். எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காமல், பாஸ்வேர்டுகளைக் காக்கும் பிட்வார்டனோ கீபாஸோ வைத்துக்கொள். வீட்டு வைஃபை ரூட்டரில் 'அட்மின்' என்றே கிடக்கும் பாஸ்வேர்டை இன்று இரவே மாற்று. வாசலில் மாட்டிய கேமராவுக்கும் அதேதான். அது உன்னைக் காவல் காக்கவா, உன்னை வேடிக்கை பார்க்கவா என்பதை அந்தப் பாஸ்வேர்டுதான் தீர்மானிக்கிறது.

ரிச்சி தெருவில் நிமிர்ந்து நட

மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததும் பலருக்குத் தோள் சுருங்கிவிடுகிறது. "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சர்வீஸா?" என்று நாலு பக்கமும் குரல். கடைக்காரர் சொல்வதே வேதம். ஏன்? நீ தெரிந்துகொள்ளாமல் போனதால்.

முதலில் உன் பழைய லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் திறந்து பார். சில ஸ்க்ரூக்கள்தான். பழைய ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடு. ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் நிரப்பு. புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான் ஆகும். செத்ததாகச் சொல்லப்பட்டது எழுந்து ஓடும்.

வாங்கியே தீர வேண்டுமா? என் கட்சி இது: நிறுவனங்கள் பயன்படுத்திக் கைமாற்றும் செகண்ட் ஹேண்ட் திங்க்பேடு, லாட்டிட்யூடு, எலைட்புக் வகை லேப்டாப்கள் லினக்ஸுக்குத் தங்கம். பளபளப்பு இருக்காது, உழைப்பு இருக்கும். கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய உன் சொந்தப் பென் டிரைவைக் கொண்டுபோ. அங்கேயே சொருகி பூட் செய். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, எல்லா விசையும் எழுதுகிறதா, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார். பயாஸில் பழைய முதலாளியின் பாஸ்வேர்டு பூட்டு கிடந்தால் எழுந்து வந்துவிடு. கடைக்காரரின் குரல் அப்போது மாறும். ஏமாறாதவனுக்குத் தெருவே மரியாதை கொடுக்கும்.

புதிதாக வாங்கினால் மூன்று கேள்வி: ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா, மாற்றலாமா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா? வைஃபை சிப் லினக்ஸோடு ஒத்துப்போகுமா? இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. போன் என்றால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதை விட்டுவிட்டு, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேள். வாங்கிய பொருளில் எதையும் மாற்றக் கூடாது, திறக்கக் கூடாது என்றால், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஹவுஸ் ஓனரைக் கேட்கிற வாடகைக் குடித்தனத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? முழு விலை கொடுத்தவன் நீ!

ஏழு நாள் போதும்

திங்கள்: சான்றிதழ்கள், புகைப்படங்கள், புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடு. செவ்வாய்: லினக்ஸ் மின்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, வென்டாய் அல்லது ரூஃபஸ் கொண்டு பென் டிரைவில் ஏற்று. 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். லேப்டாப் பழையது என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. புதன்: ஆன் செய்யும்போது எஃப்12, சில மாடல்களில் எஸ்கேப் அல்லது எஃப்9. பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும், உன் டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாது. வியாழன்: நாள் முழுக்க அதிலேயே இரு. லிப்ரே ஆபீஸில் ஒரு பக்கம் தமிழில் தட்டு. வெள்ளி: எது ஓடவில்லை என்று தாளில் எழுது. சனி: அந்தத் தாளோடு தெரிந்தவரைக் கேள், கணியத்தில் தேடு. ஞாயிறு: முடிவெடு. முழுதும் மாறு, அல்லது டூயல் பூட் போடு. விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலில் எழுதி வை. முழு டிஸ்கிலும் லினக்ஸ் போடும்போது என்கிரிப்ஷனை டிக் செய். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் உன் வாழ்க்கை தொலையாது.

ஞாயிறு இரவு நீ பழைய ஆள் இல்லை. பிரச்சினை வந்தால் கையைப் பிசைந்து ஆள் தேடியவன், இனி திரையில் வந்த வரியைப் படிப்பாய், தேடுவாய், தீர்ப்பாய். இந்தப் பழக்கம் லேப்டாப்போடு நிற்காது. இன்டர்வியூவில் தெரியாத கேள்வி வந்தாலும், வேலையில் எவரும் தொடாத சிக்கல் வந்தாலும், "பார்த்துடலாம்" என்று கை முன்னால் போகும். நான் உன்னை லினக்ஸ் கற்கச் சொல்வதே அந்தக் கைக்காகத்தான்.

அத்தோடு நின்றுவிடாதே. உன் அபார்ட்மென்டில் பரணில் தூங்கும் பழைய லேப்டாப்களைக் கேட்டு வாங்கு. துடைத்து, எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்று. மாநகராட்சிப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கும் வாட்ச்மேன் மகளிடம் ஒன்றைக் கொடு. கொடுத்துவிட்டு ஓடாதே, பக்கத்தில் உட்கார்ந்து டெர்மினலைத் திறக்கச் சொல். "எனக்கு வராது அண்ணா" என்பாள். உன்னிடம் நான் சொன்னதையெல்லாம் அவளிடம் நீ சொல். நாளைக்கு அவள் எழுதும் நிரலை நீ பயன்படுத்துவாய்.

உனக்கு வேண்டியது எல்லாம் இந்த ஊரில் இருக்கிறது. பாடம் தமிழில் இருக்கிறது, பாகம் ரிச்சி தெருவில் இருக்கிறது, உரிமை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. இனியும் தெரியாது என்று ஒதுங்கினால் அந்தப் பழி உன்னுடையது. தெரிந்துகொண்டு நிமிர்ந்தால் அந்தப் புகழும் உன்னுடையது. நாள் குறிக்க வேறு எவனுக்கும் உரிமை கொடுக்காதே. எழு, எஃப்12-ஐ அழுத்து!